பீட்ரூட் சாயமும் செல் சவ்வும்

பீட்ரூட்டைத் துண்டுகளாக நறுக்கி, வெட்டுப்பட்ட இடங்களில் வடியும் சாறு நீங்கும்வரை நன்றாக அலசிய பின், ஒரு துண்டை ஆறிய நீரிலும் இன்னொரு துண்டைக் கொதிநீரிலும் இட்டு வைத்தால், ஆறிய நீர் வெகுநேரம் ஏறக்குறைய நிறமின்றியே இருப்பதையும், கொதிநீர் சிறிது நேரத்திலேயே சிவந்துவிடுவதையும் காணலாம். இரண்டு துண்டுகளிலும் இருப்பது ஒரே சாயம்தான். அது நீரில் எளிதில் கரையக்கூடியதும்கூட. அப்படியிருக்க, ஆறிய நீரில் அது ஏன் வெளியே வரவில்லை? தாவர செல்லைச் சுற்றியுள்ள செல்லுலோஸ் சுவர் தடுத்துவிட்டது என்று பலரும் நினைப்பார்கள். ஆனால் அந்தச் சுவரின் இழைகளுக்கு இடையே இத்தகைய சிறு மூலக்கூறுகள் தாராளமாகச் சென்றுவரும். உண்மையில் சாயத்தைத் தடுத்து வைத்திருப்பவை சுவருக்கு உள்ளே இருக்கும் இரண்டு மெல்லிய சவ்வுகள்: ஒன்று செல்லுக்குள் சாயம் சேமித்து வைக்கப்பட்டுள்ள வாக்குவோல் என்னும் நீர்மப் பையைச் சூழ்ந்தது, மற்றொன்று செல் முழுவதையும் சூழ்ந்தது. கொதிநீரின் வெப்பம் இவற்றைக் குலைத்துவிடுவதால்தான் சாயம் வெளியேறுகிறது.

செல்லியல் பாடத்தைத் தொடங்கும் மாணவர் பெரும்பாலும் உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம் என்று செல்லின் உள்ளே இருப்பவற்றை மனப்பாடம் செய்கிறார். செல் சவ்வை, படம் வரையும்போது முதலில் போடும் ஒரு வட்டக் கோடாக மட்டும் அறிந்துகொண்டு கடந்துவிடுகிறார். என் கருத்தில் பாடம் அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏனெனில் செல்லுக்கு உள்ளே இருக்கும் நீர்மத்தின் சேர்மானமும் வெளியே இருக்கும் நீர்மத்தின் சேர்மானமும் வேறுபட்டிருக்கும் வரையில்தான் அந்தச் செல் உயிரோடு இருக்கிறது. அந்த வேறுபாட்டை உண்டாக்குவதும் இடைவிடாமல் காத்து நிற்பதும் சவ்வின் வேலை.

பள்ளி ஆய்வகத்தில் வழக்கமாகச் செய்யப்படும் ஒரு சோதனை சுவரையும் சவ்வையும் கண்ணெதிரே பிரித்துக் காட்டுகிறது. ரியோ செடியின் இலையைச் சாய்வாகக் கிழித்தால் அதன் அடிப்புறத்திலிருந்து ஊதா நிறத் தோல் ஒன்று மெல்லியதாக உரிந்து வரும். அதை ஒரு சொட்டு நீரில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், அறுகோண அறைகள் போன்ற செல்கள் விளிம்பு வரை ஊதா நிறத்தால் நிரம்பியிருக்கும். கண்ணாடி மூடியின் ஒரு பக்கம் அடர்ந்த உப்புக் கரைசலை விட்டு, மறுபக்கம் வடிதாளால் நீரை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். அறையின் சுவர் இருந்த இடத்திலேயே இருக்க, ஊதா நிறப் பகுதி மட்டும் மூலைகளிலிருந்து விலகத் தொடங்கி, கடைசியில் அறையின் நடுவே ஓர் உருண்டையாகச் சுருங்கி நிற்கும். இதுவே பிளாஸ்மா சிதைவு. உருண்டையின் விளிம்புதான் சவ்வு இருக்கும் இடம். மீண்டும் நல்ல நீரை விட்டால் உருண்டை விரிந்து சுவரைத் தொடும். இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. சவ்வின் வழியே நீர் வெளியேறியது. ஆனால் ஊதாச் சாயம் வெளியேறவில்லை. அதேபோல் வெளியே இருந்த உப்பும் அந்த நேரத்திற்குள் பொருட்படுத்தும் அளவுக்கு உள்ளே புகவில்லை. புகுந்திருந்தால் செல் சுருங்கியிருக்காது.

சவ்வை நாம் இந்தச் சோதனையிலும் நேரடியாகப் பார்ப்பதில்லை. அதன் தடிப்பு 5 முதல் 10 நானோமீட்டர்; சாதாரண ஒளி நுண்ணோக்கியோ 200 நானோமீட்டருக்குக் குறைந்த இடைவெளிகளைப் பிரித்துக் காட்ட இயலாதது. 1665இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் கண்டு வரைந்தவை இறந்துபோன செல்களின் வெற்றுச் சுவர்கள் மட்டுமே. சவ்வின் குறுக்குவெட்டு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரிந்தது 1950களில்தான். அதற்கு வெகு காலம் முன்பே அது எதனால் ஆனது என்பதை அறிவியலாளர்கள் ஊகித்துவிட்டார்கள் என்பது இத்துறையின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எதை உள்ளே விடுகிறது, எதை விடுவதில்லை என்பதைக் கொண்டே அவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். 1890களில் சார்லஸ் ஓவர்ட்டன் என்பவர் தாவர செல்களை வெவ்வேறு பொருள்களின் கரைசல்களில் வைத்து, எவை விரைவாக உட்புகுகின்றன என்று பொறுமையாகச் சோதித்தார். கொழுப்பில் எளிதில் கரையும் பொருள்கள் எளிதில் புகுந்தன, கரையாதவை தயங்கின. ஆகவே செல்லின் எல்லை கொழுப்பு போன்ற ஒரு பொருளால் ஆகியிருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

அந்தக் கொழுப்பு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்விக்கு விடை, விந்தையாக, ஒரு குளத்திலிருந்து தொடங்குகிறது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லண்டனுக்கு அருகே கிளாப்பம் என்னும் இடத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயைக் குளத்தில் ஊற்றியபோது அது அரை ஏக்கர் பரப்புக்குப் பரவி அலைகளை அடக்கியதாக 1774இல் எழுதினார். ஒரு தேக்கரண்டி என்பது ஏறத்தாழ 5 மில்லிலிட்டர், அரை ஏக்கர் என்பது ஏறத்தாழ 2,000 சதுர மீட்டர். வகுத்துப் பார்த்தால் படலத்தின் தடிப்பு 2.5 நானோமீட்டர் என்று வருகிறது. அது ஒரே ஒரு மூலக்கூறின் நீளம்தான். ஃபிராங்க்ளின் இந்தக் கணக்கைப் போடவில்லை. மூலக்கூறுகளின் அளவைப் பற்றி எதுவும் தெரியாத காலம் அது.

நெதர்லாந்தின் லெய்டன் நகரில் குழந்தை மருத்துவப் பேராசிரியராக இருந்த கோர்ட்டரும் அவருடன் பணியாற்றிய கிரெண்டெலும் 1925இல் இதே வழியைச் செல்லுக்குப் பயன்படுத்தினார்கள். இரத்தச் சிவப்பணுக்களை அவர்கள் தேர்ந்தெடுத்ததற்குத் தக்க காரணம் உண்டு: மனிதச் சிவப்பணுவில் உட்கருவோ மைட்டோகாண்ட்ரியாவோ கிடையாது, ஆகவே அதிலிருந்து எடுக்கும் கொழுப்பு முழுவதும் வெளிச்சவ்வுக்கே உரியது. அசிட்டோனைக் கொண்டு கொழுப்பைப் பிரித்தெடுத்து, நீர்ப்பரப்பின் மேல் ஒற்றை மூலக்கூறு அடுக்காகப் பரவவிட்டு, அது பிடித்த இடத்தை அளந்தபோது, அணுக்களின் மொத்தப் பரப்பைப்போல் அது இரு மடங்கு இருந்தது. ஆகவே சவ்வில் கொழுப்பு இரண்டு அடுக்காக இருக்கிறது என்றார்கள். இதில் ஒரு சுவையான செய்தி உண்டு: அசிட்டோன் கொழுப்பை முழுமையாக எடுத்திருக்கவில்லை, உலர்ந்த அணுக்களை அளந்ததால் அணுவின் பரப்பையும் அவர்கள் குறைவாகவே மதிப்பிட்டிருந்தார்கள். இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட்டன. முடிவு சரியாகவே அமைந்தது.

இரட்டை அடுக்கு ஏன் உண்டாகிறது என்பதைப் புரிந்துகொள்ள, சவ்வில் மிகுதியாக உள்ள பாஸ்போலிப்பிடு மூலக்கூறின் அமைப்பை அறிந்தால் போதும். அதன் தலைப்பகுதியில் பாஸ்பேட் தொகுதி இருக்கிறது. அது மின்னூட்டம் கொண்டது, நீரோடு சேர்ந்திருப்பது. தலையிலிருந்து தொங்கும் இரண்டு நீண்ட வால்கள் கொழுப்பு அமிலங்களால் ஆனவை. அவை நீரோடு சேராதவை. இத்தகைய மூலக்கூறுகள் பல நீரில் விடப்படும்போது, வால்கள் நீரிடமிருந்து விலகி ஒன்றையொன்று நோக்கித் திரும்பிக்கொள்ள, தலைகள் இருபுறமும் நீரை நோக்கி நிற்க, இரட்டை அடுக்கு தானாகவே அமைகிறது. யாரும் அதைக் கட்டுவதில்லை. அதற்கு ஆற்றல் செலவும் இல்லை. தாளாக விரிந்து கிடந்தால் விளிம்பில் உள்ள வால்கள் நீரில் பட வேண்டியிருக்கும் என்பதால் அது வளைந்து, ஓரங்கள் ஒன்றுசேர்ந்து, மூடிய பையாகிவிடுகிறது. மெல்லிய ஊசியால் செல்லைக் குத்தி எடுத்தாலும் சிறு துளை மூடிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வால்களின் தன்மையைப் பொறுத்துச் சவ்வின் இளக்கம் மாறும். மார்கழிக் குளிரில் நெய்யும் தேங்காயெண்ணெயும் உறைந்துவிடுகின்றன, நல்லெண்ணெய் உறைவதில்லை. முதல் இரண்டிலும் உள்ள கொழுப்பு அமிலங்களில் பெரும்பாலானவை நிறைவுற்றவை. அவற்றின் நேரான சங்கிலிகள் நெருக்கமாக ஒட்டி அமைந்துகொள்ளும். நல்லெண்ணெயில் நிறைவுறாதவை மிகுதி. இரட்டைப் பிணைப்புள்ள இடத்தில் சங்கிலி வளைந்திருப்பதால் அவை நெருங்கி அமைய முடிவதில்லை. சவ்விலும் இதே வேதியியல்தான் நடக்கிறது. குளிர்ந்த நீரில் வாழும் மீன்கள் தம் சவ்வுகளில் நிறைவுறாத கொழுப்பு அமிலங்களின் பங்கைக் கூட்டிக்கொண்டு, சவ்வு விறைத்துப் போகாமல் பார்த்துக்கொள்கின்றன. விலங்கு செல்களில் கொலஸ்ட்ராலும் வால்களுக்கு இடையே செருகிக்கொண்டு, சூட்டில் சவ்வு மிகவும் இளகாமலும் குளிரில் இறுகாமலும் காக்கிறது. இரத்தப் பரிசோதனை அறிக்கையில் மட்டும் கொலஸ்ட்ராலைச் சந்தித்தவர்களுக்கு இது ஒரு புதிய முகமாகத் தோன்றலாம்.

இந்த இளக்கம் எவ்வளவு என்பதை 1970இல் ஃபிரையும் எடிடினும் அழகாகக் காட்டினார்கள். மனித செல் ஒன்றையும் சுண்டெலியின் செல் ஒன்றையும் ஒரு வைரஸின் உதவியால் இணைத்து ஒரே செல்லாக்கி, மனிதப் புரதங்களுக்கு ஒரு நிறத்திலும் எலிப் புரதங்களுக்கு வேறொரு நிறத்திலும் ஒளிரும் சாயத்தை ஏற்றிப் பார்த்தார்கள். இணைந்தவுடன் ஒரு பாதி ஒரு நிறமாகவும் மறு பாதி இன்னொரு நிறமாகவும் இருந்தது. உடல் வெப்பநிலையில் ஏறக்குறைய 40 நிமிடங்களில் இரு நிறங்களும் செல் முழுவதும் கலந்துவிட்டன. நன்றாகக் குளிர்வித்தபோது கலக்கவில்லை. கொழுப்பு அடுக்கில் புரதங்கள் பதிந்து கிடந்தாலும் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கின்றன என்பது இதனால் உறுதியாயிற்று. 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் வெளியிட்ட பாய்ம மொசைக் மாதிரி இந்தப் புரிதலின் மேல் அமைந்தது. பாடநூல்களில் இன்றும் அதுவே அடிப்படை.

இனி, எது கடக்கும், எது கடக்காது என்பதற்கு வரலாம். ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு போன்ற மின்னூட்டமற்ற சிறு மூலக்கூறுகள் கொழுப்பு அடுக்கை நேராகவே கடந்துவிடும். நம் நுரையீரலில் வாயுப் பரிமாற்றம் நடைபெறத் தனியான வாயில்கள் தேவைப்படாததற்கு இதுவே காரணம். நீர் ஓரளவு கடக்கும். சோடியம், பொட்டாசியம் போன்ற அயனிகள் அளவில் மிகச் சிறியவையாக இருந்தும் கடக்க மாட்டா. அவற்றைச் சூழ்ந்து ஒட்டியிருக்கும் நீர் மூலக்கூறுகளை உதறிவிட்டு எண்ணெய் போன்ற பகுதிக்குள் நுழைவதற்கு மிகுந்த ஆற்றல் வேண்டும். புரதம் இல்லாத வெறும் கொழுப்பு இரட்டையடுக்கில், நீரோடு ஒப்பிட்டால் இந்த அயனிகள் ஏறத்தாழ நூறு கோடி மடங்கு மெதுவாகவே கடக்கின்றன. ஆகவே அயனிகளுக்கும் குளுக்கோஸ் போன்ற பெரிய மூலக்கூறுகளுக்கும் புரதங்களாலான வழிகள் தேவைப்படுகின்றன.

நீருக்கே அப்படி ஒரு வழி உண்டு என்பது 1992இல் தெளிவாயிற்று. பீட்டர் ஏக்ரேயின் குழுவினர் தற்செயலாகக் கிடைத்த ஒரு சிவப்பணுப் புரதத்தின் வேலை என்ன என்று தேடிக்கொண்டிருந்தார்கள். தவளையின் முட்டைகள் நன்னீரில் கிடந்தும் ஊதிப்போவதில்லை; அவற்றின் சவ்வு நீரை எளிதில் விடுவதில்லை. அந்த முட்டைகளுக்குள் இப்புரதத்தை உருவாக்கும் ஆர்என்ஏவைச் செலுத்தி நீர்த்த கரைசலில் இட்டபோது, அவை சில நிமிடங்களில் ஊதி வெடித்தன; செலுத்தப்படாத முட்டைகள் அப்படியே இருந்தன. அக்வாபோரின் என்று பெயர் பெற்ற இப்புரதம் ஒன்றின் வழியே ஒரு வினாடியில் ஏறத்தாழ முந்நூறு கோடி நீர் மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில் செல்ல முடியும். சிறுநீரகத்தில் நாள்தோறும் வடிகட்டப்படும் நீரின் பெரும்பகுதி இரத்தத்துக்குத் திரும்புவது இத்தகைய கால்வாய்களால்தான்.

நீர் எந்தப் பக்கம் செல்லும் என்பதைக் கால்வாய் முடிவு செய்வதில்லை. கரைபொருளின் செறிவு முடிவு செய்கிறது. கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு நீர் செல்வதே சவ்வூடு பரவல். மாங்காய்த் துண்டுகளில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் சற்று நேரத்தில் ஜாடியில் நீர் ஊறி நிற்பதும் இதனால்தான். மருத்துவமனையில் நரம்பு வழி ஏற்றும் உப்பு நீர் 0.9 சதவீதச் செறிவில் தயாரிக்கப்படுவதற்கும் இதுவே காரணம்: வெறும் நீர் இரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்கள் நீரை உறிஞ்சி வெடித்துவிடும், தாவர செல்லுக்கு இருப்பதுபோல் தாங்கிப் பிடிக்கும் சுவர் அவற்றுக்குக் கிடையாது.

சவ்வை ஒரு சல்லடையாக எண்ணிக்கொள்பவர்களுக்குப் பொட்டாசியம் கால்வாய் ஒரு புதிர். சோடியம் அயனி பொட்டாசியம் அயனியைவிடச் சிறியது. ஆனால் இந்தக் கால்வாய் பெரியதை விட்டுச் சிறியதைத் தடுக்கிறது. 1998இல் ரோடெரிக் மெக்கின்னன் அதன் அமைப்பை எக்ஸ் கதிர்ப் படிகவியல் மூலம் கண்டபோது புதிர் அவிழ்ந்தது. கால்வாயின் குறுகிய பகுதியில் ஆக்சிஜன் அணுக்கள் வரிசையாக உள்நோக்கி நிற்கின்றன. பொட்டாசியம் தன்னைச் சூழ்ந்த நீரை உதறிவிட்டு நுழையும்போது, நீர் இருந்த அதே தொலைவில் இந்த ஆக்சிஜன்கள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே அதற்கு இழப்பில்லை. சோடியமோ சிறியது என்பதால் எல்லா ஆக்சிஜன்களையும் ஒருசேர எட்டிப் பிடிக்க இயலாது; நீரை உதறிய செலவு ஈடாகாததால் அது நுழைவதில்லை. ஏக்ரேயும் மெக்கின்னனும் 2003ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இதுவரை சொன்னவை எல்லாம் செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கோ, நீர் தன் போக்கிலோ செல்வதைப் பற்றியவை. இவற்றில் செல்லுக்குச் செலவு இல்லை. ஆனால் நம் செல்களில் பொட்டாசியம் ஒரு லிட்டருக்கு உள்ளே ஏறத்தாழ 140, வெளியே 5 மில்லிமோல். சோடியமோ வெளியே 145, உள்ளே 10 முதல் 15 வரை. இந்தச் சரிவு தானாக நிலைக்காது, கசிந்து சமமாகிவிடும். அதைத் திரும்பத் திரும்ப மீட்பது சோடியம் பொட்டாசியம் பம்ப். டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கூ 1957இல் இதை நண்டின் நரம்புகளில் கண்டறிந்தார். செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. ஓய்வாகப் படுத்திருக்கும்போது நம் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இதற்கே போகிறது. நெடுஞ்சாலைகளின் நடுவே வரிசையாகப் பூத்து நிற்கும் அரளியின் நஞ்சு தாக்குவதும் இந்தப் பம்பைத்தான். அதனால்தான் அது இதயத் துடிப்பைக் குலைக்கிறது.

இச்சரிவினால் சவ்வின் இருபுறமும் ஒரு மின்னழுத்த வேறுபாடும் நிலவுகிறது. நரம்பு செல்லில் அது 70 மில்லிவோல்ட் அளவில் இருக்கும். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும்; ஆனால் அது நிலவுவது 5 நானோமீட்டர் தடிப்புக்குள். அந்த விகிதத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 1,40,000 வோல்ட் ஆகிறது. காற்றில் மின்பொறி தெறிக்க ஒரு சென்டிமீட்டருக்கு 30,000 வோல்ட் போதும் என்பதை இதனோடு வைத்துப் பார்க்கலாம்.

பம்பு உண்டாக்கும் சோடியச் சரிவைச் செல் வேறு வேலைகளுக்கும் பயன்படுத்திக்கொள்கிறது. சிறுகுடலின் உட்புறத்தை மூடியிருக்கும் செல்கள் இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. இந்தச் செல்லின் இரத்தத்தை நோக்கிய பக்கத்தில் பம்புகள் சோடியத்தை வெளியேற்றிக்கொண்டே இருப்பதால் செல்லுக்குள் சோடியம் குறைவாக இருக்கிறது. உணவை நோக்கிய பக்கத்தில் உள்ள ஒரு கடத்திப் புரதம் இரண்டு சோடியத்தையும் ஒரு குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே எடுக்கும். ஒன்றிருந்து மற்றொன்று இல்லையென்றால் அது முறையாக வேலை செய்யாது. இவ்விரண்டும் உள்ளே போகும்போது நீரும் பின்தொடர்கிறது. சோடியமும் குளுக்கோஸும் இப்படி இணைந்தே செல்கின்றன என்ற கருத்தை ராபர்ட் கிரேன் 1960இல் ப்ராக் நகரில் முன்வைத்தார்.

அதற்கு முந்தைய ஆண்டு, கல்கத்தாவில் சம்பு நாத் தே, காலரா கிருமிகளை வடிகட்டி நீக்கிய வளர்ப்பு நீர்மமே முயலின் குடலில் நீரைச் சுரக்கவைக்கிறது என்று காட்டியிருந்தார். கிருமி குடலைத் துளைப்பதில்லை. அது வெளியிடும் நஞ்சு செல்லின் உள்ளே ஒரு சமிக்ஞையை நிறுத்தாமல் ஓடவிட்டு, சவ்வில் உள்ள குளோரைடு கால்வாய்களைத் திறந்தே வைத்துவிடுகிறது. குளோரைடு வெளியேற, சோடியமும் நீரும் அதன் பின்னே போகின்றன. கடுமையான நிலையில் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட இழப்பு ஏற்படும். ஆனால் அந்த நஞ்சு சோடியம் குளுக்கோஸ் கடத்தியைத் தொடுவதில்லை. வெறும் உப்பு நீரைக் குடித்தால் பயன் சிறிதே; சரியான அளவில் குளுக்கோஸைச் சேர்த்துக் குடித்தால் அந்தக் கடத்தி சோடியத்தை இழுத்துக்கொள்ள, இழந்த நீர் திரும்புகிறது.

1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையோரத்துப் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோகவே, மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடியம் பைகார்பனேட் கலந்த கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே குவளையில் பிடித்துக் கொடுக்கச் செய்தார். அவரது குழு பார்த்துக்கொண்ட நோயாளிகளிடையே இறப்பு 3.6 சதவீதமாக இறங்கியது. அதற்குமுன் அது 30 சதவீத அளவில் இருந்தது.

இன்று மருந்துக் கடைகளில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். (வாய்வழி நீரேற்றுக் கரைசல்) பொட்டலத்தில், உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்தியமைத்த கலவையின்படி, ஒரு லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியமும் 75 மில்லிமோல் குளுக்கோஸும் இருக்கும். பொட்டாசியமும் சிட்ரேட்டும் உடன் இருக்கும். முந்தைய கலவையில் சோடியம் 90, குளுக்கோஸ் 111 ஆக இருந்தது. கரைபொருள் மிகுந்தால் கடத்திகள் எடுத்துக்கொள்ளாமல் மிஞ்சும் குளுக்கோஸ் குடலிலேயே தங்கி, சவ்வூடு பரவலால் உடலின் நீரை வெளியே இழுக்கும் என்பதால்தான் அளவு குறைக்கப்பட்டது. பாட்டில்களில் விற்கும் இனிப்புப் பானங்கள் வயிற்றுப்போக்கைச் சில வேளைகளில் மோசமாக்குவதும் இதே காரணத்தால்தான். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு தம்ளர் நீரில் கரைத்துக் கொடுப்பது இன்னும் பெரிய தவறு. பொட்டலம் முழுவதையும் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுத்து, 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைத்துக்கொள்ள வேண்டும்.